முன்னால் காட்டியவர் கை

நாவல்மடை பஸ் ஸ்டாண்டுல அரசி செல் சென்டர்னு போர்டு மாட்டிப் பதினோரு வருஷமா உக்காந்திருக்கேன், இந்த ஊர்ல பாதிப் பேர் கையில இருக்கிற போன் நான் வித்தது, பக்கத்துல தவசி அண்ணாச்சி டீக்கடையில போனைக் கிட்டக்கக் காட்டினாலே காசு போயிருமே, அந்த மெஷினைக் கொண்டாந்து வச்சதும் நான்தான், அதனால தொடாமலே காசு குடுக்கிற அந்த வித்தை அன்றாடப் பொழப்புக்குப் பிரயோஜனமா இல்லையான்னு யாராவது கேக்கணும்னா என்னைத்தான் கேக்கணும். ஆனா அதே மெஷினாலதான் வேலுத்தாயி ஒருநாள் என் கடைக்குள்ள வந்து, செத்துப்போன அவ மகன் மதியழகன் கையைப் பத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டா.

எனக்குப் பிறவியிலயே அருவருப்பு கொஞ்சம் ஜாஸ்தி. கண்டக்டர் எச்சில் தொட்டு எண்ணிக் குடுக்கிற நோட்டு, மீன் விக்கிற அம்மா செதிலோட நீட்டுற நோட்டு, ஜாக்கெட்டுக்குள்ள இருந்து வேர்வை சொட்டச் சொட்ட வெளிய வர்ற நோட்டு, மூக்குப்பொடி போட்ட விரலாலயே எடுத்து வைக்கிற சில்லறை, ஐயோ, எதுவும் எனக்கு ஆகாது. ஒவ்வொரு ஆள் போனதும் பின்னால குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வருவேன், மாசம் எட்டு சோப்பு, உள்ளங்கைத் தோல் உரிஞ்சு போச்சு, "இவளுக்குக் கைதான் சாமி"ன்னு என் வீட்டுக்காரரே கேலி பண்ணுவாரு. அப்படிப்பட்டவகிட்ட ஒரு கம்பெனிக்காரன் வந்து, யாரும் யாரையும் தொட வேண்டாம் மேடம், போனைக் காட்டினா டிங்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான்னு சொன்னா, நான் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

தவசி அண்ணாச்சிக்கு அந்த மெஷின் வேணும்னு தோணினதுக்குக் காரணம் வேற. வேலுத்தாயியும் மதியழகனும் பேரூராட்சியில தெருக்கூட்டுறவங்க, சாக்கடை அள்ளுறவங்க, ஓடைத்தெருக்காரங்க. தினம் காலையில ஆறரைக்கு டீக்கு வருவாங்க. எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், அவங்களுக்கு மட்டும் பேப்பர் கப். வேலுத்தாயி காசைக் கையில குடுக்கக் கூடாது, கடை முன்னால இருக்கிற கல்லுல வைக்கணும், அவ நாலடி தள்ளிப் போனதும் அண்ணாச்சி ஒரு கிளாஸ் தண்ணியை அந்தக் காசு மேல ஊத்துவாரு, காசு காய்ஞ்சப்புறம் எடுப்பாரு. யாரும் யாரையும் திட்டினது கிடையாது, அடிச்சது கிடையாது, தண்ணி மட்டும்தான். என்னைவிட ஆறு வயசு மூத்தவ அவ, நான் அவளை வா போன்னுதான் சொல்லுவேன், அவ என்னை வாங்க போங்கன்னு சொல்லுவா. எங்க ஊர்ல அப்படித்தான் நடக்குது.

மெஷின் வந்த முதல் நாள், மதியழகன் என்கிட்ட பழசா வாங்கிக் குடுத்த போனை வேலுத்தாயி பயந்து பயந்து காட்டினா, டிங்குனுச்சு, "வந்துருச்சு"ன்னாரு அண்ணாச்சி. அவ அப்படியே நின்னா. இருபது வருஷப் பழக்கம், தண்ணி விழுற சத்தம் கேட்டாத்தான் அவளுக்கு நகரத் தோணும் போல. பின்னாலயே மதியழகன் தன் போனைக் காட்டிட்டுச் சொன்னான், "அண்ணாச்சி, மறந்தாப்புல இது மேல தண்ணியை ஊத்திறாதீங்க, ஷாக் அடிச்சிரும்!" எல்லாரும் சிரிச்சாங்க, அண்ணாச்சியும் சிரிச்சாரு, வேலுத்தாயியும் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. இருபத்திநாலு வயசு அவனுக்கு, வாய் அப்படி.

நாலு மாசம் கழிச்சு, ஆடி மாசம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலையில, பத்திர எழுத்தர் வைத்திலிங்கம் டீ குடிச்சிட்டுப் போனைக் காட்டினப்ப, அவர் உள்ளங்கையில இன்னொரு உள்ளங்கை வந்து உக்காந்துச்சு. கண்ணுக்குத் தெரியாது, ஆனா கை கைதான்: சூடு, கனம், அஞ்சு விரல், சுண்டுவிரல் பக்கத்துல ஒரு காய்ப்பு. மெதுவா ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுற நேரம் இருந்துட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. "யாருய்யா அது கையைப் பிடிச்சது?"ன்னு அவர் திரும்பிப் பாக்க, பக்கத்துல யாரும் இல்லை, அவருக்கு முன்னால போனைக் காட்டிட்டுப் போன லோடுமேன் மட்டும் தூரத்துல மூட்டை தூக்கிக்கிட்டிருந்தான். மத்தியானத்துக்குள்ள ஊருக்கே விஷயம் விளங்கிருச்சு, யார் காட்டினாலும் அவங்களுக்கு முன்னால காட்டினவங்க கை வரும், மூணு எண்ணுற நேரம் இருக்கும், அப்புறம் இவங்க கை அடுத்தவங்களுக்காக அங்க தங்கிரும். பயந்தாங்களான்னு கேக்குறீங்களா? ஒருத்தரும் பயப்படலை, டீ ஆறிருமேன்னுதான் கவலைப்பட்டாங்க.

கம்பெனிக்காரன் வந்து மெஷினைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, சிக்னல் கோளாறு மேடம், தானா சரியாயிரும்னு சொல்லிட்டு ஓசி டீ ஒண்ணைக் குடிச்சிட்டுப் போயிட்டான், அது சரியாகலை, ஊர்தான் அதுக்குத் தகுந்த மாதிரி மாறிக்கிச்சு. காலேஜ் போற பையனும் பொண்ணும் ஒருத்தர் பின்னால ஒருத்தர் மிட்டாய் வாங்கினாங்க, ஒரு மிட்டாய் இல்லை, ஒரு நாளைக்கு ஏழெட்டு மிட்டாய். பொண்டாட்டி செத்து மூணு வருஷமாச்சுன்னு ஒரு ரிட்டயர்டு தபால்காரரு, தினம் ஒம்பது மணிக்குப் பூக்காரப் பொண்ணு காட்டிட்டு நகந்ததும் ஒரு பிஸ்கட்டுக்காக எந்திரிச்சு வருவாரு, சர்க்கரை வியாதி அவருக்கு, பிஸ்கட்டைக் கோழிக்குப் போட்டுட்டுப் போவாரு. பெரிய மனுசன்னு நாங்க எந்திரிச்சு நிக்கிற ஜவுளிக்கடை முதலாளி கை நடுங்குறது அப்பத்தான் ஊருக்குத் தெரிஞ்சுச்சு. ரெண்டு தடவை சேந்தாப்புல காட்டினா சொந்தக் கையே வரும், அது மட்டும் யாருக்கும் பிடிக்கலை, அப்படிக் காட்டினவங்க முகம் தொங்கிப் போய்த்தான் வெளிய வருவாங்க.

இப்படி ஊரே ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு வாரம். பதினஞ்சாவது நாள் வைத்திலிங்கம் வழக்கத்தைவிட வெள்ளனமா வந்துட்டாரு, அவருக்கு முன்னால காட்டிட்டுப் போனது மதியழகன். மனுசன் தேள் கொட்டின மாதிரி கையை உதறுறாரு, "சீ! சீ! யாருய்யா முன்னால?"ன்னு கத்துறாரு, வேட்டியில தேய்க்கிறாரு, குழாயடிக்கு ஓடுறாரு. கண்ணுக்குத் தெரியாத கையை எந்தத் தண்ணி கழுவும்? ஆனா கழுவினாரு. கழுவிட்டு வந்து உக்காந்து, அண்ணாச்சியையும் என்னையும் இன்னும் நாலு பேரையும் கூப்பிட்டு, மரியாதையா, சத்தம் போடாம, ஒரு கூட்டம் நடத்தினாரு.

"அவங்க மறுபடி காசாவே குடுக்கட்டும்"னாரு அண்ணாச்சி.

"அது முடியாது. எல்லாருக்கும் மெஷின் இருக்கையில அவங்களுக்கு மட்டும் கல்லுன்னா, எவனாவது போட்டோ எடுத்துக் கேஸைப் போட்டுருவான். நான் ஒரு நாளைக்கு நாலு பத்திரம் எழுதுறவன், எனக்குத் தெரியும் சட்டம்."

"அப்ப அரசிகிட்ட சொல்லி அவங்களுக்கு இன்னொரு மெஷினை வச்சிருவோம்."

"யோவ், தனி மெஷினும் கேஸுதான்யா. அவங்க அதே மெஷின்லயே காட்டட்டும், யாரு வேண்டாங்கிறா? அவங்க காட்டினதும் நம்ம ஆளு ஒருத்தர் ஒரு ரூபாய்க்குக் காட்டிட்டாப் போதும். அவங்க கை அந்த ஆளோட போயிரும். நமக்கு நம்ம ஆளு கைதான் வரும். எங்கயும் எழுதி வைக்கலை, யாரையும் எதுவும் சொல்லலை. எவன் கேப்பான்?"

படிச்ச மூளை பாருங்க, சாக்கடைக்குள்ள கூட சட்டத்தோடதான் இறங்கும். அந்த நம்ம ஆளு யாருன்னு கேள்வி வந்தப்ப எல்லாரும் என்னைப் பாத்தாங்க. "நீதான் கை கழுவுறதுல கெட்டிக்காரியாச்சே, கடையும் பக்கத்துலயே இருக்கு, உன் கையும் சுத்தமான கை"ன்னாரு அண்ணாச்சி. மாட்டேன்னு சொன்னேனா? சொல்லலை. சொல்லவே வாய் கூசுது, எனக்குப் பெருமையா இருந்துச்சு. ஊர்ல இத்தனை பேர் இருக்க என் கையைச் சுத்தமான கைன்னு தேர்ந்தெடுத்திருக்காங்களேன்னு, அன்னைக்கு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். தூ.

அதுக்கு நடுக்கைன்னு பேர் வந்துச்சு. யார் வச்சாங்கன்னு தெரியாது, பத்து நாள்ல ஊரே சொல்ல ஆரம்பிச்சிருச்சு. காலையில வர்றவங்க பாய்லரைப் பாத்து, பாலைப் பாத்து, "நடுக்கை ஆச்சா?"ன்னு கேப்பாங்க, ஆச்சுன்னு அண்ணாச்சி தலையாட்டினாத்தான் போனை வெளிய எடுப்பாங்க. மருந்துக்கடைக்காரரும் ஒரு மெஷின் வச்சாரு, அதுலயும் கை வந்துச்சு, அவர் மச்சினனை நடுக்கையா உக்கார வச்சாரு. வெளியூர்ல இருந்து மாத்தலாகி வந்த பேங்க் ஆபீசர், முற்போக்கெல்லாம் பேசுற ஆளு, அவரும் ஒரு மாசத்துல நடுக்கை ஆச்சான்னு கேக்கப் படிச்சுக்கிட்டாரு. உலகத்துல எங்கயும் இல்லாத ஒரு அதிசயம் எங்க ஊருக்கு வந்துச்சு, நாங்க அதுக்கு என்ன பண்ணினோம் பாருங்க.

வேலுத்தாயிக்குத் தெரியும், ஒண்ணும் சொல்ல மாட்டா. அவ முதல்ல காட்டுவா, பின்னால மதியழகன் காட்டுவான், அதனால தினம் காலையில அவனுக்கு அவன் அம்மா கை வரும். அதுக்கு அப்புறம் நான். மதியழகன் மட்டும் சும்மா இருக்க மாட்டான், நான் போனைத் தூக்கிக்கிட்டு வர்றதைப் பாத்ததும் வழிவிட்டு ஒதுங்கி நின்னு, "வாங்கக்கா, வாங்க, இன்னைக்குச் சோப்பு ரெண்டு தடவை போட்டிருக்கேன், பிடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க"ம்பான். நான் அவன் முகத்தைக் கூடப் பாக்க மாட்டேன். எனக்குன்னு ஒரு முறை வச்சிருந்தேன்: டிங்குனதும் கண்ணை எதிர்ச் சுவத்துக் காலண்டர் மேல நட்டுருவேன், பால் பொங்குற சத்தத்தை மட்டும் கேப்பேன், ஒண்ணு, ரெண்டு, மூணு, உடனே குழாயடி. எட்டு மாசம் தினம் அவன் கை என் கையில இருந்திருக்கு, அது பெரிசா சின்னதா, சொரசொரன்னு இருக்குமா மெத்துன்னு இருக்குமான்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்காம இருக்கிறதுல அவ்வளவு கெட்டிக்காரியா இருந்தேன்.

பங்குனி மாசம் ஒரு வியாழக்கிழமை. ஞாயித்துக்கிழமை கல்யாண மண்டபத்துல பெரிய இடத்துக் கல்யாணம், கக்கூஸ் தொட்டி நிரம்பி வழியுதுன்னு காண்டிராக்டர் மதியழகனை வரச் சொல்லியிருந்தாரு. அன்னைக்கு அவங்க ரெண்டு பேரும் வர்றப்பவே ஏதோ பேசிக்கிட்டே வந்தாங்க, வேலுத்தாயி குரல் கொஞ்சம் உசந்திருந்துச்சு, அவ காட்டிட்டு டீயை நின்னவாக்குல குடிச்சிட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டா. அவன் நின்னான். அன்னைக்குக் கேலி ஒண்ணும் பேசலை. "அண்ணாச்சி, இஞ்சி கொஞ்சம் கூடப் போடுங்க"ன்னான், குடிச்சான், போனைக் காட்டினான், மண்டபத்துப் பக்கம் நடந்து போனான். நான் வந்து காட்டினேன். காலண்டர், பால், ஒண்ணு ரெண்டு மூணு, குழாயடி.

பதினோரு மணிக்கு அவனைத் தொட்டிக்குள்ள இருந்து கயிறு கட்டித் தூக்கினாங்க, விஷவாயு, உயிர் இல்லை. அவனா இறங்கினான், நான் இறங்கச் சொல்லலைன்னு காண்டிராக்டர் எழுதிக் குடுத்தாரு, அந்தத் தாளை எழுதினது வைத்திலிங்கம்தான், கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சாம். தொட்டியை மிஷின் வச்சு உறிஞ்சி, பினாயில் ஊத்தி, மண்டபத்துக்குச் சாம்பிராணி போட்டு, ஞாயித்துக்கிழமை அதே மண்டபத்துல அதே கல்யாணம் நடந்துச்சு. நானும் போனேன். பந்தியில உக்காந்து ரெண்டு ஜாங்கிரி சாப்பிட்டேன், நல்லா இருந்துச்சு, இன்னொண்ணு போடுங்கன்னு கேட்டு வாங்கினேன்.

மூணு வாரம் கழிச்சு ஒரு மத்தியானம் வேலுத்தாயி என் கடைக்கு வந்தா. எப்பவும் படியிலயே நின்னு பேசுறவ, அன்னைக்குக் கண்ணாடிக் கதவைத் திறந்துக்கிட்டு உள்ளயே வந்து, மேஜைக்கு இந்தப் பக்கம் நின்னா. கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு, பாதி ஆளா இருந்தா. அழலை.

"அரசிம்மா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு வேலுத்தாயி."

"அன்னைக்குக் காலையில உடம்பு சுடுறாப்புல இருக்கும்மா, இன்னைக்கு வரலைன்னு காண்டிராக்டர்கிட்ட சொல்லிருன்னு சொன்னான். நான் நம்பலை. போகாம இருக்கச் சாக்குச் சொல்றான்னு நினைச்சுட்டேன். போன வாரமும் இப்படித்தான் சொல்லிட்டு மேட்ச் பாத்துக்கிட்டுக் கிடந்தான். காண்டிராக்டர் ஏசுவாரு, எந்திரிடான்னு வஞ்சேன். தொட்டுப் பாக்கலைம்மா. கையில விளக்குமாறு இருந்துச்சு, அதைக் கீழ வச்சிட்டு நெத்தியில கையை வச்சிருக்கலாம். வைக்கலை."

நான் மேஜை மேல கிடந்த போனை எடுத்து ஓரமா வச்சேன்.

"ஆஸ்பத்திரியில குடுக்கையில சில்லுன்னு ஆயிட்டான். அப்ப தொட்டு என்ன தெரியும்? அண்ணாச்சிகிட்ட கேட்டேன், அன்னைக்கு அவனுக்குப் பின்னால காட்டினது யாருன்னு. நீங்கதான்னாரு. உசுரோட இருக்கையில அவன் கையைக் கடைசியாப் பிடிச்சது நீங்கதாம்மா." அவ மேஜையைப் பிடிச்சுக்கிட்டா. "கை சுட்டுச்சா?"

இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுடலை, சாதாரணமாத்தான் இருந்துச்சு, நீ அனுப்பினதுல தப்பில்லைன்னு ஒரு பொய். தினம் நூறு பொய் சொல்லித்தான் போன் விக்கிறேன், பழசைப் புதுசும்பேன், கீறலைக் கண்ணாடி நெளிவும்பேன். பெத்தவ ஒருத்தி இனி ராத்திரி தூங்குறதும் தூங்காததும் என் வாயில இருக்கு, அந்த நேரத்துல என் வாயில வந்தது இதுதான்:

"கவனிக்கலை வேலுத்தாயி."

அவளுக்கு விளங்கலை. "மூணு எண்ணுற நேரம் இருக்குமேம்மா. எனக்குந்தான் தினம் யார் யார் கையோ வரும், ஒவ்வொண்ணும் நினைப்பு இருக்கு. லோடுமேன் கையில காய்ப்பு இருக்கும். பூக்காரப் பொண்ணுக்கு விரல் நுனி ஈரமா இருக்கும். மூணு எண்ணுற நேரம் நீங்க அவனைப் பிடிச்சிருந்தீங்களே. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"கழுவிட்டேன்."

"கழுவுறதுக்கு முந்தி?"

"தெரியலை. நான் பாக்கலை. எப்பவும் பாக்க மாட்டேன்."

அவ கொஞ்ச நேரம் என் வலது கையையே பாத்துக்கிட்டு நின்னா. திட்டுவான்னு நினைச்சேன், திட்டினா நல்லா இருக்கும்னு கூட இருந்துச்சு. அவ திட்டலை. மேஜை மேல தன் கையை மெதுவா நீட்டினா, உள்ளங்கை மேல பாத்த மாதிரி, வெடிச்சுப் போன கை, நகத்துல ஒரு துளி அழுக்கு இல்லை, வர்றதுக்கு முன்னால தேய்ச்சுக் கழுவியிருக்கா, எனக்காகக் கழுவியிருக்கா.

"அந்தக் கையைக் கொஞ்சம் குடுங்கம்மா. அவன் கை பட்ட கை. ஒரு நிமிசம் பிடிச்சுட்டுக் குடுத்துர்றேன்."

நான் குடுக்கணும்னுதான் நினைச்சேன், சத்தியமா நினைச்சேன். மனசு குடுன்னுச்சு, கை தானா பின்னால போயிருச்சு, போன வேகத்துல முழங்கை இடிச்சு, ஸ்டாண்டுல தொங்கின போன் கவரெல்லாம் சடசடன்னு கொட்டிச்சு. முதுகுக்குப் பின்னால அந்தக் கையை நானே இன்னொரு கையால பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், முன்னால கொண்டு வரணும்னு பாக்குறேன், வரமாட்டேங்குது.

வேலுத்தாயி குனிஞ்சு கவர்களை எடுக்கப் போனா, என்ன நினைச்சாளோ, எடுக்காம நிமிந்தா. யாரையும் தொடாத தன் கையை முந்தானையில உள்ளயும் புறமும் அழுத்தித் துடைச்சா, ஏதோ அழுக்குல பட்டுட்ட மாதிரி இன்னொரு தடவையும் துடைச்சா, கதவைத் தோளாலயே தள்ளிக்கிட்டு இறங்கிப் போனா.